மோப்பம் நின்ற இடம்: நாய், துப்பு, மட்டாஞ்சேரி

தமிழ் நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் ஒரு வாக்கியம் பல பத்தாண்டுகளாக மாறவே இல்லை. வீடு புகுந்து நகைத் திருட்டோ கோயில் உண்டியல் உடைப்போ, எதுவானாலும் செய்தியின் கடைசிப் பத்தியில் அது வந்துவிடும். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. சில செய்திகளில் காரணமும் இருக்கும்: திருடர்கள் மிளகாய்ப் பொடி தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

பெரியவர்கள் அந்த வரியைத் தாண்டி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். எழுத்துக்கூட்டிச் செய்தித்தாள் படிக்கத் தொடங்கிய குழந்தை அங்கேயே நின்றுவிடும். நாய் ஏன் நின்றது? அதுவரை எதை முகர்ந்துகொண்டு ஓடியது? அதற்குத் தெரிந்ததை யாராவது கேட்டார்களா?

குழந்தை நின்ற அந்த இடத்தில்தான் ஒரு கதைவகை தொடங்குகிறது. நாயை நேசிக்கும் சிறார்க்கான மென்மையான துப்பறியும் கதை அது. கொலை இல்லை, ரத்தம் இல்லை. காணாமல்போன ஒரு பொருளோ ஓர் ஆளோ உண்டு. தேடும் ஒரு குழந்தையும் கூடவே நடக்கும் ஒரு நாயும் உண்டு. இவ்வகைக் கதை குழந்தைக்குக் குற்றவாளியைப் பிடிக்கக் கற்றுத்தருவதைவிட, இன்னோர் உயிரின் புலன்வழியே தன் ஊரைப் பார்க்கக் கற்றுத்தருகிறது என்று நம்புகிறேன். தெருநாய் என்றாலே அச்சமும் வழக்கும்தான் நினைவுக்கு வரும் இன்றைய கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் அந்தப் பயிற்சி அவசரமாகத் தேவைப்படுகிறது. அதற்கு ஏற்ற களமாகக் கொச்சியின் மட்டாஞ்சேரியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

களவுபோன மாடுகளும் இரண்டு நாய்களும்

நாய் துப்பறிவது மேற்கிலிருந்து இறக்குமதியான கற்பனை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலத்தில் 108ஆம் பாடலைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். அது ஓர் உரையாடல். ஒருபுறம் இந்திரன் அனுப்பிய பெண்நாய் சரமா. மறுபுறம் மாடுகளைக் கவர்ந்து ஒளித்துவைத்த பணிகள் என்னும் கூட்டத்தார். சரமா தடம் தேடி, ரசை என்னும் ஆற்றைக் கடந்து, மறைவிடத்தைக் கண்டடைந்து நிற்கிறாள். எங்களுக்குத் தங்கையாக இங்கேயே இருந்துவிடு, மாடுகளில் பங்கு தருகிறோம் என்று பணிகள் ஆசை காட்டுகிறார்கள். அவள் மசியவில்லை. களவு, தடம், மறைவிடம், குற்றவாளியோடு நேருக்கு நேர் பேச்சு, விலைபோகாத நேர்மை என்று துப்பறியும் கதையின் உறுப்புகள் எல்லாம் அந்த ஒரு பாடலுக்குள் இருக்கின்றன.

தமிழ் மண்ணில் இதற்கு இணை ஒரு கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்னும் வீரனின் உருவம் அதில் இருக்கிறது. அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. வீரனுக்குரிய எழுத்தோடு நாய்க்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்ற பெயர்கொண்ட அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்பது செய்தி. எத்தனையோ மனிதர்களின் பெயர் அழிந்துபோன 1,400 ஆண்டுகளில் ஒரு நாயின் பெயர் கல்லில் நிலைத்திருக்கிறது. தமிழ்க் குழந்தை ஒவ்வொன்றுக்கும் சொல்லப்பட வேண்டிய கதை இது.

இரண்டிலும் களவுபோவது மாடு. இரண்டிலும் நாய் போருக்காகப் போகவில்லை, இழந்ததை மீட்கவே நிற்கிறது. நம் பொருளிலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. ஆநிரை கவர்வது வெட்சி. கவர்ந்த நிரையை மீட்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித் திணையாகவே வகுத்தது. நாடு பிடிப்பதோ எதிரியை ஒழிப்பதோ அதன் நோக்கமில்லை. போனது வீடு திரும்பினால் கரந்தை நிறைவடைகிறது. குழந்தைகளுக்கான மென்மையான துப்பறியும் கதையை நான் கரந்தையின் வாரிசாகவே பார்க்கிறேன். யாருக்கு என்ன தண்டனை என்பதைவிட, தொலைந்தது கிடைத்ததா என்பதே அங்கே முக்கியம்.

தும்பும் துப்பும்

இக்காலத் துப்பறியும் இலக்கியத்தில் நாய்க்குக் கிடைத்த மிகப் பெரிய பங்கு அது குரைக்காமல் இருந்ததற்காக வந்தது. ஆர்தர் கோனன் டாயில் 1892இல் வெளியிட்ட ‘சில்வர் பிளேஸ்’ கதையில் இரவில் பந்தயக் குதிரை காணாமல் போகிறது. தொழுவத்து நாய் அன்றிரவு குரைக்கவில்லை. அந்த மௌனத்தைக் கவனிக்கிறார் ஷெர்லக் ஹோம்ஸ். வந்தவர் நாய்க்குத் தெரிந்தவர். அதனால்தான் அது குரைக்கவில்லை. நாய் எந்த வித்தையும் செய்யவில்லை. நாய் என்றால் எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவரால் அதன் மௌனத்தைப் படிக்க முடிந்தது, அவ்வளவுதான். இந்த வகைக் கதைகளுக்கு இதுவே இலக்கணம் என்பேன். நாய் மனிதரைப்போல் பேசவும் சிந்திக்கவும் வேண்டியதில்லை. மனிதர் நாயைப் படிக்கக் கற்றால் போதும்.

எனிட் பிளைட்டன் 1942 முதல் 1963 வரை எழுதிய 21 ‘ஃபேமஸ் ஃபைவ்’ நாவல்களில் ஐந்தாவது உறுப்பினர் டிம்மி என்னும் நாய். இந்திய நகரங்களில் ஆங்கிலவழி படித்த இரண்டு தலைமுறையினர் அந்த நாயோடு வளர்ந்தார்கள். 1972இல் அமெரிக்காவில் மார்ஜரி வெய்ன்மன் ஷார்மட் ‘நேட் த கிரேட்’ வரிசையைத் தொடங்கினார். அதில் துப்பறிபவன் ஒரு சிறுவன். அவனுக்கு ஸ்லட்ஜ் என்ற நாய் துணை. காணாமல்போன ஓவியம், குப்பைத் தொட்டியைக் கலைத்தது யார் என்பவைதான் வழக்குகள். படக்கதையை முடித்துவிட்டு முழு நாவலுக்குப் போக முடியாத வயதினருக்காகக் குறும் அத்தியாயங்களும் இடையிடையே படங்களுமாக எழுதப்படும் அத்தியாயக் கதைநூலுக்கு அது நல்ல மாதிரி.

இந்தியாவில் சத்யஜித் ராய் 1965இல் ‘சந்தேஷ்’ சிறார் இதழில் ஃபெலுடா என்னும் துப்பறிவாளரை அறிமுகப்படுத்தினார். இளம் வாசகர் இதழ் என்பதால் வக்கிரங்களையும் பெரியவர்களின் உறவுச் சிக்கல்களையும் தவிர்த்தே பல ஆண்டுகள் அவரால் சுவையான மர்மங்களைப் பின்ன முடிந்தது. மலையாளத்தில் 1972இல் தொடங்கிய ‘பாலரமா’ இதழில் ஜம்பன் என்ற துப்பறிவாளனும் தும்பன் என்ற அவன் நாயும் சித்திரத் தொடராக வந்தார்கள்.

தும்பன் என்ற பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலையாளத்தில் தும்பு என்றால் நுனி; வழக்கொன்றில் கிடைக்கும் துப்பும் தும்புதான். நூலின் நுனி அகப்பட்டால் மீதி நூல் தானாக வரும். ஆங்கிலத்தில் துப்பைக் குறிக்கும் சொல்லும் நூல் உருண்டையைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்ததே. தமிழில் தும்பு என்றால் மாட்டைக் கட்டும் கயிறு. தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று நாம் சொல்வது அதை வைத்துத்தான். நுனி, நூல், கயிறு என்று மூன்று மொழிகளும் கையில் பிடிக்கக்கூடிய மெல்லிய ஒன்றையே துப்பாகக் கண்டிருக்கின்றன. நாயின் உலகில் அந்தக் கயிறு வாசனை.

மூக்கால் படிக்கும் ஊர்

வாசனையே கயிறு என்றால் மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான ஊரைக் காண்பது அரிது. மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு, மஞ்சள் ஆகியவற்றின் வணிகம் இந்தக் கடலோரத் தெருக்களை உருவாக்கியது. படகுத்துறையை ஒட்டிய கடைத்தெருவில் இருபுறமும் பழைய பண்டகசாலைகள். உள்ளே முற்றத்தில் இஞ்சி காயும். சுண்ணாம்பு ஏற்றி உலர்த்தும் சுக்கின் வெண்தூசி அங்கே வேலை செய்யும் பெண்களின் கையிலும் முறத்திலும் படிந்திருக்கும். கொச்சி மன்னருக்காகப் போர்த்துகீசியர் 1555இல் கட்டி, பின்னர் டச்சுக்காரர்கள் செப்பனிட்ட அரண்மனை ஒருபுறம். 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயமும் 1760இல் அதற்கு அமைந்த மணிக்கூண்டும் யூதத் தெருவின் முனையில். ஆலயத் தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் வரைந்த அவற்றில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று ஊரார் சொல்வார்கள். உற்றுப் பார்ப்பதற்கென்றே விரித்துவைத்த பாடப்புத்தகம் அந்தத் தரை.

கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் சமணரும் தமிழரும் சில பர்லாங்கு தூரத்துக்குள் தங்கள் மொழிகளையும் அடுப்புகளையும் வைத்துக்கொண்டு வாழ்ந்த பகுதி இது. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னுமிடத்துச் சலவைக்கூடத்தில், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து வந்த வண்ணார் சமூகத்தினர் இன்றும் துவைத்து, கயிற்றில் உலர்த்தி, தேய்த்துக் கொடுக்கிறார்கள். கஞ்சியும் வெயிலும் கலந்த துணி வாசனை அங்கே தனி.

இலக்கியத்தில் இவ்வூருக்கும் நாய்க்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு உண்டு. சல்மான் ருஷ்டியின் 1995ஆம் ஆண்டு நாவலான ‘த மூர்ஸ் லாஸ்ட் சை’ கொச்சியின் மிளகு வணிகக் குடும்பம் ஒன்றையும் யூத ஆலயத்தின் ஓடுகளையும் சுற்றிப் பின்னப்பட்டது. அந்தக் குடும்பத்தில் ஒரு புல்டாக் நாய் உண்டு. அது பெரியவர்களுக்கான நாவல். செத்த பிறகும் பாடம் செய்து வைக்கப்படும் அந்த நாய் பெரியவர்களின் அரசியலுக்கு ஒரு சின்னமாக நிற்கிறது. குழந்தைகளுக்குச் சின்னமாக நிற்கும் நாய் வேண்டாம்; மூச்சுவிடும் நாய் வேண்டும். மட்டாஞ்சேரியின் திண்ணைகளிலும் பண்டகசாலைத் தாழ்வாரங்களிலும் சீனவலைக் கரையில் மீன்துண்டுக்காகவும் காத்திருக்கும் நாட்டு நாய் அது.

தெருநாய்க்கு என்ன தெரியும்?

மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் சுமார் 50 அல்லது 60 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 20 கோடிக்கும் மேல்கூட இருக்கும். குழம்பு கொதிக்கும் வீட்டில் நமக்குக் குழம்பு மணக்கும். நாய்க்கு அதன் ஒவ்வொரு சரக்கும் தனித்தனியே தெரியும். காலடித் தடம் எவ்வளவு நேரத்துக்கு முந்தையது என்பதும் அது எந்தப் பக்கம் போனது என்பதும் மங்கிவரும் வாசனையிலிருந்து அதற்குப் புலப்படும். நமக்கு இன்று என்பது கண்முன் இருப்பது. நாயின் இன்றில் நேற்றும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

தெருநாயைப் பற்றிய அறிவியல் இந்தியாவிலேயே நடக்கிறது என்பது நமக்குப் பெருமை. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களை அவை வாழும் தெருக்களிலேயே ஆய்ந்துவருகிறது. 2020இல் வெளியான ஆய்வில் இந்திய நகரங்கள் சிலவற்றில் 160 தெருநாய்களின் முன் மூடிய கிண்ணங்கள் இரண்டை வைத்து, முன்பின் அறியாத ஒருவர் கைகாட்டினார். ஏறக்குறைய பாதி நாய்கள் நெருங்கவே இல்லை. நெருங்கியவற்றில் சுமார் 80 விழுக்காடு கை காட்டிய கிண்ணத்துக்கே சென்றன. யாரும் பழக்காத நாய்கள் அவை. இதே குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அறிமுகமில்லாத மனிதர் மீண்டும் மீண்டும் வந்தபோது, உணவு கொடுத்தவரைவிடத் தடவிக் கொடுத்தவரையே தெருநாய்கள் கூடுதலாக நம்பின.

இந்த ஆய்வுகளில் கதாசிரியருக்கு ஒரு களஞ்சியமே இருக்கிறது. நெருங்காமல் விலகிய பாதி நாய்கள் நமக்குப் பல கேள்விகளைத் தருகின்றன. அவற்றை யார் அடித்தார்கள்? எந்தக் கையைக் கண்டு அவை அஞ்சின? விலகி நிற்கும் நாயும் ஒரு சாட்சிதான்.

ஒற்றைச் செருப்பின் வழக்கு

இந்த அறிவை வைத்து மட்டாஞ்சேரியில் ஒரு கதை எப்படி அமையலாம் என்று என்னளவில் கற்பனை செய்து பார்த்தேன். தெருவில் வாசலில் விட்ட செருப்புகளில் ஒற்றை மட்டும் காணாமல் போகிறது. பள்ளிவாசல் படியிலும் சமணக் கோயில் வாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் இதே கதை. திருடனுக்கு ஒற்றைச் செருப்பு எதற்கு? பழி சுக்கு என்ற தெருநாயின் மேல் விழுகிறது. அதைப் பிடித்துப்போகச் சொல்லவேண்டும் என்ற பேச்சு எழுகிறது. நாயை நேசிக்கும் ஒரு சிறுமிக்கும் அவள் தோழனுக்கும் ஒரு வாரமே இருக்கிறது.

அவர்கள் பட்டியல் போடுகிறார்கள். தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, பெரியது, சிறியது என எதிலும் ஒழுங்கில்லை. பிறகு சிறுமி மிஞ்சிய இணைகளைத் திருப்பிப் பார்க்கிறாள். அடிப்பாகம் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி. சுண்ணாம்பு. அத்தனை பேரும் ஒரே சுக்குப் பண்டகசாலைக்குப் போய்வந்தவர்கள். நாயைத் தொடர்ந்து போகிறார்கள். பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டின் பின்புறத் திண்ணையில் செருப்புகள் குவிந்திருக்கின்றன. எதிலும் பல்லின் தடம் இல்லை. அந்த வீட்டில் தனியாக வாழ்ந்த மூதாட்டி பண்டகசாலையில் சுக்குப் புடைத்தவர். நாள்தோறும் நாய்க்குச் சோறு வைத்தவர். பத்து நாளாக அவரைக் காணோம் என்பதை நாய் ஒன்றுதான் கவனித்திருக்கிறது. அவர் வாசனை எதில் ஒட்டியிருந்ததோ அதையெல்லாம் அது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. குழந்தைகள் விசாரித்து, மருத்துவமனைப் படுக்கையில் துணைக்கு ஆளின்றி இருந்த மூதாட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதில் திருடன் யாரும் இல்லை. திருட்டாகத் தோன்றியது ஒரு தேடல். நாய் நாயாகவே நடந்துகொண்டது. அதைப் படிக்கக் குழந்தைகள் கற்றார்கள். தெரு முழுவதும் கவனிக்கத் தவறிய ஒரு மனிதர் மீண்டும் தெருவின் கண்ணுக்குத் தெரிகிறார். மென்மையான மர்மம் என்று நான் சொல்வது இதைத்தான். பதற்றம் குறைவதால் மர்மம் குறைந்துவிடுவதில்லை. யார் செய்தது என்ற கேள்வி ஏன் செய்தது என்ற கேள்வியாக மெல்ல மாறுகிறது.

பெட்டிமுடியின் குவி

இப்படியெல்லாம் நாய் தேடுமா என்று கேட்பவருக்குக் கேரளத்திலேயே பதில் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தேடுதல் ஒரு வாரத்தைத் தாண்டிய நிலையில் குவி என்ற வீட்டுநாய் ஆற்றோரத்தில் ஓரிடத்தில் நின்று நீரையே பார்த்துக்கொண்டிருந்தது. மீட்புக் குழுவினர் அதைக் கவனித்தார்கள். அங்கே, குடியிருப்பிலிருந்து வெகுதூரம் அடித்துவரப்பட்டிருந்தது அதன் விளையாட்டுத் தோழியான இரண்டு வயதுக் குழந்தையின் உடல். காவல் துறையின் நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் அதைத் தன் கவனிப்பில் எடுத்துக்கொண்டார். பின்னர், பேரிடரில் உயிர்தப்பிய அக்குடும்பத்து மூதாட்டியிடமே குவி திரும்பிச் சேர்ந்தது.

கோவிவன், குவி. பெயர்களின் ஓசை ஒன்றுபட்டது தற்செயல்தான். ஆனால் எடுத்தனூர்க் கல்லில் அந்த நாய் காத்து நின்றது என்று எழுதியவரும் பெட்டிமுடியில் நாய் நின்ற இடத்தில் தேடிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தவரும் செய்தது ஒரே காரியம். நாய் நிற்பதற்குப் பொருள் உண்டு என்று அவர்கள் நம்பினார்கள்.

அச்சத்தை ஒளிக்காத அன்பு

நாய் நேசத்தை எழுதுபவர் நாய்க்கடியை மறைத்தால் அது குழந்தைக்குச் செய்யும் துரோகம். வெறிநோயால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது; அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியர்கள். வெறிநாய் என ஐயப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட சிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேரளத்தில் தெருநாய்க் கடி பல ஆண்டுகளாகக் கொந்தளிப்பான பொதுப் பிரச்சினை. கடிபட்டவர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய 2016இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிரிஜகன் குழு கொச்சியிலிருந்தே இயங்கியது. 2022இல் வெறிநோய்ச் சாவுகளை அடுத்து மாநிலம் முழுவதும் நாய்களுக்குத் தடுப்பூசி இயக்கம் நடந்தது. 2025இல் உச்ச நீதிமன்ற உத்தரவுகள் இந்த விவாதத்தை நாடெங்கும் கொண்டுசென்றன.

இந்தச் சூழலில் வளரும் குழந்தைக்கு இரண்டு பாடங்கள் மட்டுமே கிடைக்கின்றன: கல்லெடு, அல்லது ஓடு. இரண்டுமே கடியை வரவழைப்பவை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. சிற்பி வடித்த கல்நாயைப் பற்றியது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்: நாய் என்று பார்த்தால் கல் மறைந்துவிடும், கல் என்று பார்த்தால் நாய் மறைந்துவிடும். கையில் கல்லோடு பார்ப்பவருக்கும் நாய் மறைந்துதான் போகிறது.

கதை மூன்றாவது வழியைத் தரும். துப்பறியும் சிறுமி நாயின் காதைப் பார்க்கிறாள். நுனியில் வெட்டுத்தடம் இருந்தால் அது கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் திரும்ப விடப்பட்ட நாய். 2023இல் புதுப்பிக்கப்பட்ட விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் காட்டும் நடைமுறை இதுதான். வால் காலிடுக்கில் இருக்கிறதா, காது பின்னால் மடங்கியிருக்கிறதா, குட்டிகளை வைத்திருக்கிறதா என்று அவள் பார்க்கிறாள். தின்னும்போதும் தூங்கும்போதும் நெருங்குவதில்லை. அவள் தோழனுக்கு நகம் பட்டுக் கீறினால் ஒளிப்பதில்லை. 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவுகிறார்கள், அன்றே பெரியவர்களிடம் சொல்லித் தடுப்பூசிக்குப் போகிறார்கள். இந்த அறிவுரைகளைச் சுவரொட்டியில் படித்தால் குழந்தை மறந்துவிடும். கதையில் துப்பாக வந்தவற்றை மறக்காது. அதை வைத்துத்தான் அது வழக்கை அவிழ்த்திருக்கும்.

மலையாளிகளுக்கு நாயோடு பகை மட்டும்தான் மரபு என்று சொல்லிவிடவும் முடியாது. கண்ணூர் மாவட்டத்துப் பறச்சினிக்கடவு முத்தப்பன் கோயிலில் நாய்கள் தடையின்றி உலவுகின்றன. வாசலில் வெண்கல நாய்கள். படையலில் முதற்பங்கு நாய்க்கு. கொச்சியில் புத்தகக் கடை நடத்தி வாழ்ந்த வைக்கம் முகம்மது பஷீர், ஒரு தோட்டத்துக்குள் பறவைக்கும் பாம்புக்கும் பூச்சிக்கும் உள்ள பங்குரிமையைத் தன் ‘பூமியுடே அவகாசிகள்’ கதையில் பேசினார். சொல்லப்போனால் மென்மையான நாய்க் கதைக்குக் கேரளம் தாய்வீடு.

மென்மை என்பது

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘வெள்ளப்பொக்கத்தில்’ சிறுகதையை வாசித்தவர்கள் அந்த நாயை மறக்க மாட்டார்கள். குட்டநாட்டு வெள்ளத்தில் எசமானன் குடும்பத்தோடு படகேறிப் போய்விடுகிறான். கூரைமேல் விடப்பட்ட நாய், கைவிடப்பட்ட குடிசையைக் காவல் காத்து, கடைசியில் வெள்ளத்திலேயே அழிகிறது. விசுவாசம் என்ற சொல்லின் முழுக் கொடுமையும் அதில் உண்டு. பெரியவர்களின் இலக்கியம் அந்த நாயைச் சாக விட்டே ஆகவேண்டும். நம் கைவிடலை அது நமக்குக் காட்டுகிறது.

எட்டு வயதுக் குழந்தைக்கான நூல் வேறொன்று செய்யவேண்டும். கைவிடப்பட்ட நாய் ஒன்று உண்டு என்பதை அதுவும் சொல்லட்டும். ஆனால் அக்கதையில் படகு திரும்பி வரவேண்டும். இதைப் பொய் ஆறுதல் என்று நான் நினைக்கவில்லை. படகைத் திருப்பும் வயது குழந்தைக்கு இனிமேல்தான் வரப்போகிறது. திருப்ப முடியும் என்ற நினைப்பு முன்கூட்டியே மனத்தில் விழுந்திருக்க வேண்டும். 2018 வெள்ளத்தில் நாய்களையும் தோளில் சுமந்துவந்த கேரளத்து இளைஞர்களின் மனத்தில் அது எப்போதோ விழுந்திருக்கிறது.

இடையில் ஒரு படி

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறார் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்தது. அழகான சொற்கள். நம் சிறார் பதிப்புலகில் நுழைவதற்கான படநூல்கள் பெருகியிருக்கின்றன. சென்னைத் தூலிகா வெளியிட்ட லாவண்யா கார்த்திக்கின் ‘எ வாக் வித் தம்பி’ நூலில், பார்வையற்ற சிறுவன் ஒருவன் தம்பி என்ற தன் நாயோடு ஊருக்குள் நடந்துபோகிறான். ஓசையும் வாசனையுமாக ஊர் விரிகிறது. ஆங்கிலத்தில் ஓடுவதற்கான நூல்களைச் சென்னையில் தோன்றிய டக்பில் பதிப்பகம் தன் ‘ஹோல் புக்ஸ்’ வரிசையில் தந்தது. தமிழிலும் மலையாளத்திலும் அந்த நடுப்படியில் நூல்கள் இன்னும் பல மடங்கு வேண்டும். அங்கே கால் தவறும் குழந்தை பிறகு கைப்பேசியில்தான் போய் விழுகிறது.

நாய்க் கதை அந்தப் படிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 1999இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், வாசிக்கத் தயங்கும் குழந்தைகளை நாய்க்கு வாசித்துக் காட்டவைக்கும் திட்டம் ஒன்று தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. 2016இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று அதன் பலனுக்கான சான்றுகள் நம்பிக்கை தருவதாகவும், ஆய்வுகளின் தரம் இன்னும் உயரவேண்டும் என்றும் கூறியது. பிழை திருத்தாத ஒருவர் காது கொடுத்தால் குழந்தையின் நாக்கு அவிழும் என்பது மட்டும் நம் திண்ணைகளில் எல்லோரும் கண்டதே.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே பாலம் ஏற்கெனவே இருக்கிறது. ‘ஆதனின் பொம்மை’க்காக 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரும், ‘தன்வியின் பிறந்தநாள்’ தொகுப்புக்காக 2024இல் பெற்ற யூமா வாசுகியும் மலையாளத்திலிருந்து தமிழுக்கு நிறைய கொண்டுவந்தவர்கள். மட்டாஞ்சேரியின் நாய் ஒன்று அந்தப் பாலத்தில் இருபுறமும் நடக்கலாம். அது கடக்கும் தெருவில் மலையாளமும் தமிழும் கொங்கணியும் கலந்தே ஒலிக்கின்றன. நாய்க்கு மூன்றும் பழகிய ஓசைகள்.

மீண்டும் அந்த நாளிதழ் வரிக்கு வருகிறேன். மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. அதைத் தோல்வியாக எழுதியே நமக்குப் பழகிவிட்டது. பெட்டிமுடியில் ஒரு நாய் நின்றதும் மனிதர்கள் அருகே போய்க் குனிந்து பார்த்தார்கள். எடுத்தனூரில் நாய் நின்றதை ஒருவர் உளியெடுத்துக் கல்லில் எழுதினார். மட்டாஞ்சேரித் திண்ணையில் எழுந்து நின்று காற்றை முகரும் நாயைப் பார்த்து நாளை ஒரு குழந்தை கல்லைத் தேடாமல், இதற்கு இப்போது என்ன தெரிகிறது என்று யோசிக்குமானால், அந்த யோசனையை அதற்குக் கொடுத்த நூல் எளிய சொற்களில், பெரிய எழுத்தில், பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களில் எழுதப்பட்டதாக இருக்கும். அப்படியொரு நூல் நம் ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் இருக்க வேண்டும்.